மலை மறைப்பதற்குள்

அனந்தமதிக்கு அன்று விடிந்ததிலிருந்து கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போனாள், போன காரியம் மறந்து திரும்பினாள். பாலை அடுப்பில் வைத்தாள். அது பொங்கி வழிந்து கரியை அணைத்த பிறகுதான் பால் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஜீவரத்தினம், "இன்னாடி, வாலு அறுந்த பல்லி மாதிரி துடிச்சிக்கினு இருக்கற?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள் இவள். ஒன்றும் இல்லாதவள் யாராவது காலை ஆறு மணிக்கு நெய்ச் செம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவாளா?

விஷயம் இதுதான். கணவன் சந்திரநாதன் சீமையிலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகிறது. கல்யாணமாகிப் பதினோராம் மாதம் கப்பலேறினவன். எண்ணெய் இயந்திரம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் பயிற்சி. அந்த இரண்டு வருஷமும் இவள் மாமியாரோடு இந்த வீட்டில் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். திரும்பி வந்தான், மாமனார் விட்டுப்போன மல்லாட்டை எண்ணெய் ஆலையைப் பார்த்துக்கொண்டான், இனிமேல் குடும்பம் என்று ஒன்று நடக்கும் என்று இவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு வேலை, உடனே வா என்று. பதில் நாளைக் காலைத் தபாலில் போயாக வேண்டும்.

முந்தாநாள் அந்தக் கடிதத்தை அவளிடம் காட்டினான். "இன்னும் மூணு நாள்ல பதில் போடணும்" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான். நீ இன்னா சொல்ற என்று ஒரு வார்த்தை? கிடையாது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அனந்தமதிக்கு அத்தனை வலித்திருக்காது. வாடகைக்கு இருக்கிறவர்களிடம் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போதுகூட ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள்.

அழுது பார்த்தாள். அழுகையால் ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்ததும் யோசித்தாள். அவனுக்கு இந்த ஊரில் எதுவோ ஒட்டவில்லை. ராத்திரி எழுந்து முற்றத்தில் நடக்கிறான். சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முள்மேல் உட்கார்ந்தவன் மாதிரி நெளிகிறான், பாதியில் எழுந்துவிடுகிறான். "அங்க ருசி கண்ட நாக்கும்மா, இங்க எறங்குமா?" என்று எதிர்வீட்டு விருத்தாம்பாள் சொன்னாள். அந்த வார்த்தை அனந்தமதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ருசி என்றதும் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வந்த முதல் வாரத்தில் ஒருநாள், அவனாகவே ஒரு பலகாரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி மிசஸ் டாசன் செய்வாளாம். புளிப்பு ஆப்பிளை நறுக்கி அடியில் பரப்பி, மேலே ஓட்ஸும் சர்க்கரையும் பிசிறித் தூவி, சூட்டடுப்பில் வைத்து எடுப்பாளாம். கிரிஸ்ப் என்று பேர். அடியில் பழம் கொழகொழவென்று கொதிக்குமாம், மேலே மொறுமொறுவென்று இருக்குமாம். சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பாதியில் நிறுத்திவிட்டான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அவன் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் அந்த அம்மாள் கைப்பட எழுதிய செய்முறை. கூடவே அவள் கொடுத்தனுப்பிய ஓட்ஸ் டின் ஒன்று. எட்டு மாதமாக அடுப்படி அலமாரியில் திறக்காமலே உட்கார்ந்திருந்தது. குதிரைக்குப் போடுகிற தானியம் என்று மாமியார் அதைத் தொடுவதில்லை.

அதையே செய்து போட்டுவிடுவது என்று அனந்தமதி முடிவு செய்தாள். நாக்குத்தானே அவனை இழுக்கிறது, அந்த நாக்குக்கு வேண்டியதைச் செஞ்சியிலேயே கொடுத்துவிட்டால்? எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று கேட்காதீர்கள். புருஷன் நாளைக்குப் போகிறான் என்றால் எம்.ஏ. படித்தவளும் இப்படித்தான் யோசிப்பாள்.

ஒரு சங்கடம் இருந்தது. அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் படாது. அதிலும் இந்த வீட்டில் மாமனார் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. பஞ்சாங்கத்துப் பொழுதெல்லாம் இங்கே செல்லாது. மேற்கே கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதோ இல்லையோ, அடுப்பை மூட வேண்டியதுதான். நிஜப் பொழுது சாய அதற்கப்புறமும் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். ஆனாலும் மலை மறைத்தால் மறைத்ததுதான். ஜீவரத்தினம் இந்த வீட்டுக்கு வந்து நாற்பது வருஷமாக ஒரு நாளும் இதில் பிசகியதில்லை. மகனையும் அப்படித்தான் வளர்த்தாள். "ரெண்டு வருசம் வெள்ளக்காரன் ஊர்ல இருந்தான், பொழுது போனப்புறம் எம்புள்ள பச்சத் தண்ணி தொட்டதில்ல" என்று கோயிலில் சொன்னாள், வளையல்காரனிடம் சொன்னாள், வல்லத்துச் சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னாள். சொல்லும்போது அவள் ஓர் அங்குலம் உயர்ந்து தெரிவாள்.

ஆகவே பலகாரம் மலை மறைப்பதற்குள் தயாராக வேண்டும். "அஞ்சரைக்கெல்லாம் வூட்டுக்கு வந்துடுங்க, ஒரு வேல இருக்குது" என்று காலையிலேயே அவனிடம் சொல்லி அனுப்பினாள். என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. அவன்தான் எதையுமே கேட்பதில்லையே.

நோட்டுப் புத்தகத்தில் வெண்ணெய் என்று இருந்தது. வெண்ணெய் இவர்கள் சேர்ப்பதில்லை. நெய்தான். ஆனால் வைகாசி வெயிலில் நெய் தண்ணீராக நின்றது. அந்த நெய்யைப் பிசைந்தால் மாவு களியாகிவிடும், உதிரி உதிரியாக வராது. அதனால்தான் செம்பு கிணற்றுக்குள் போனது. மத்தியானம் எடுத்துப் பார்த்தாள். மணல் மணலாக, அழகாக உறைந்திருந்தது. சந்தோஷத்தில் அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முறம் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது மறுபடி தண்ணீர். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கிணற்றில் இறக்கினாள்.

ஓட்ஸ் டின்னைத் திறந்தபோது வண்டு இருந்தது. ஒன்றா, இரண்டா என்று அவள் எண்ணவில்லை. வேறு வீட்டுப் பெண்ணாயிருந்தால் புடைத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இவர்கள் வீட்டில் ஓர் உயிர் நெருப்பில் போகக் கூடாது. மூன்று பிடி ஓட்ஸை முறத்தில் பரப்பி, முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தகடாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கண்ட வண்டை விரலில் ஏற்றிக்கொண்டுபோய்த் துளசிச் செடியடியில் விட்டாள். விட்டதில் ஒன்று திரும்பி முறத்துக்கே வந்தது. "உனக்கு இன்னிக்கித்தானா இந்த ஆசை?" என்று அதனிடம் சொன்னாள். குரல் உடைந்துபோயிற்று. மணி மூன்று அடித்தது.

ஆப்பிளுக்குச் செஞ்சியில் எங்கே போவது? செங்காயாக இருந்த மாங்காய் எட்டு வாங்கி வைத்திருந்தாள்; பழத்துக்கும் காய்க்கும் நடுவில் இருக்கிற பதம், புளிப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காது. அறுத்தால் மூன்றில் கொட்டைக்குள் வண்டு. அந்த மூன்றையும் அப்படியே கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தாள். மிச்சத்தை நறுக்கி, நாட்டுச் சர்க்கரையும் லவங்கப்பட்டைப் பொடியும் பிசிறி, ஈயம் பூசிய பித்தளைச் சட்டியில் பரப்பினாள். ஓட்ஸ், கோதுமை மாவு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை, கிணற்றிலிருந்து இரண்டாம் தடவை ஏறி வந்த நெய். விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்து மேலே தூவினாள். பார்க்கப் புட்டு மாதிரி இருந்தது. இது எப்படி மொறுமொறுப்பாகும் என்று அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

சூட்டடுப்பு இல்லை. கடைத்தெருவில் ரொட்டிக் கடையில் இருக்கிறது; ஆனால் முட்டை வெந்த அடுப்பில் இவர்கள் சட்டி ஏறாது. பெரிய இரும்புச் சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, அதன் நடுவில் பித்தளைச் சட்டியைப் புதைத்து, மேலே இரும்புத் தட்டால் மூடி, தட்டின் மேலும் தணல் போடுவது என்று ஏற்பாடு. விறகை ஒவ்வொன்றாகத் தட்டி, எறும்பு இல்லை என்று பார்த்து, அடுப்பு மூட்டி முடிக்கும்போது மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். நோட்டுப் புத்தகத்தில் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருந்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மணலுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. அது சூடேறவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது.

ஐந்தே முக்காலுக்குத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் லேசாகக் கொதிக்கிற சத்தம். மேலே வெளுத்த புட்டு வெளுத்தபடியே இருந்தது. சந்திரநாதனையும் காணோம். வாசலுக்கு ஓடினாள், அடுப்புக்கு ஓடினாள், மறுபடி வாசல். மலைக்கும் சூரியனுக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இருந்தது.

"இன்னாடி வாசன இது?" ஜீவரத்தினம் அடுப்படி வாசலில் நின்றாள். "அந்தக் குதிரத் தீனியா?"

"ஆமாம் அத்தை."

"அதை எம்புள்ளைக்குப் போடப் போறியா?"

அனந்தமதி அடுப்பை ஊதினாள். புகையோ, வேறு எதுவோ, கண் கலங்கியது. ஜீவரத்தினம் குரல் இறங்கிக் கேட்டாள், "அவன் போறானாடி?"

மாமியாருக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் இவளுக்குத் தெரிந்தது. "நாளைக்குப் பதில் போடணும்னாரு."

"இதைத் தின்னா போவமாட்டானா?"

"தெரியல அத்தை. எனக்கு வேற ஒண்ணும் தோணல."

கிழவி விசிறியை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் குந்தினாள். இருவருமாகத் தட்டின் மேல் இருந்த தணலை விசிறினார்கள். மூன்றரை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே அடுப்புக்கு இரண்டு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

முற்றத்து வெளிச்சம் சட்டென்று மங்கியது. மலை மறைத்துவிட்டது. அதே நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சந்திரநாதன் ஒரு செருப்பைக் கழற்றினான்; மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றான். லவங்கப்பட்டை வாசனை நடைவரை போயிருந்தது.

அனந்தமதி தட்டைத் தூக்கினாள். பொன்னிறம். ஓரமெல்லாம் கொஞ்சம் கருகி, நடுவில் மாங்காய்ச் சாறு கொப்பளித்து மேலே வந்து பாகாக நின்றது. அத்தனை அழகாக வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. எல்லாம் வந்தது, வந்து என்ன பிரயோசனம்? பழம் நழுவிப் பாலில் விழும் என்று பார்த்தால் சாம்பலில் விழுந்தது. அவள் மாமியாரை நிமிர்ந்து பார்க்கவும் பயந்தாள்.

ஜீவரத்தினம் எழுந்தாள். முற்றத்துக்குப் போய் மலையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "மலைதானே மறைச்சிது, பொழுதா பூடுச்சி?" என்றாள். "பஞ்சாங்கத்துல ஆறு முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கான். இன்னும் இருவது நிமிசம் கீது. உக்கார்றா."

நாற்பது வருஷத்துச் சட்டத்தை அந்த அம்மாள் விறகைப் போல முறித்துப் போட்டுவிட்டாள். மகனை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை அவளுக்கும் அந்த அளவுக்கு இருந்திருக்கிறது.

அவன் உட்கார்ந்தான். அனந்தமதி தட்டில் வைத்து ஒரு கரண்டியும் கொடுத்தாள். ஆவி அவன் முகத்தில் அடித்தது. அவன் கரண்டியைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க. நேரமாவுது" என்றாள்.

"மதி, இத ஏன் செஞ்ச?"

"உங்களுக்குப் புடிக்கும்னு."

"புடிக்கும்" என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "நான் மொத மொதல்ல ராத்திரியில தின்னது இதுதான்."

ஆவியை ஆற்றிக்கொண்டிருந்த விசிறி நின்றது. ஜீவரத்தினம், "இன்னாடா சொல்ற?" என்றாள்.

"அங்க மார்கழியில மூணே முக்காலுக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும்மா. வேல முடியறது அஞ்சரைக்கு. மொத ரெண்டு மாசம் காலையில ரொட்டி, மத்தியானம் வேவிச்ச பயறு. அதோட சரி. ராத்திரி வெறும் வவுத்தோட படுத்துடுவேன். ஒரு நாள் பனியில நடந்து வந்து அந்தம்மா வூட்டுப் படியில சுருண்டு வுழுந்துட்டேன். அவங்கதான் உள்ள இழுத்துக்கினு போனாங்க. அடுப்புலேருந்து இத எடுத்து என் மடியில வெச்சாங்க. மணி எட்டு. தின்னேன். சட்டி பூராவும் தின்னேன். அப்புறம் அங்க இருந்த வரைக்கும் ராத்திரிச் சாப்பாடுதான்."

அவனே தொடர்ந்தான். "வந்த ஒடனே இவகிட்ட சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன். வாசல்ல நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்த. அப்புறம் கோயில்ல கூப்பிட்டு, வெரதம் காத்தவன்னு போர்வை போத்தினாங்க. வேணாம்னு சொல்ல நாக்கு எழும்பல. இப்பப் பொடிப் பசங்களக் கூட்டியாந்து, அண்ணனப் பாரு, நெருப்புடான்னு காட்டறாங்க. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எலயில உக்காரும்போது எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது. அங்க போனா என்னை யாரும் நெருப்புன்னு சொல்லமாட்டாங்க."

அனந்தமதிக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, கோபம். காலையிலிருந்து வண்டுக்கும் நெய்க்கும் மணலுக்கும் நடுவில் அவள் அல்லாடியது அவன் நாக்குக்கு என்று நினைத்து. அந்தச் சனியன் நாக்கில் இல்லவே இல்லை.

"அதுக்கு என்னை வுட்டுட்டுப் போவீங்களா?" என்றாள். அந்த வீட்டில் மாமியார் முன்னால் அவள் புருஷனிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "நீங்க ராத்திரியில தின்னீங்க, செரி. நான் இன்னா பண்ணேன்? எனக்கு எதுக்கு மூணு வருசம் தண்டன? போறதா இருந்தா ரெண்டு பேரா போலாம். இருக்கறதா இருந்தா ஒளிக்காம இருக்கலாம். ஒண்டியா ஓடறது மட்டும் கூடாது. நான் வுடமாட்டேன்."

சந்திரநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். எட்டு மாதத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "போவ எனக்கு ஆச இல்ல மதி" என்றான். "நெசமாவே இல்ல. இங்க இருக்கத்தான் மூஞ்சி இல்ல."

ஜீவரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அனந்தமதிக்குப் பயமாயிருந்தது. ஓர் அங்குலம் உயர்ந்து தெரிகிறவள் இப்போது இரண்டு அங்குலம் குறைந்துபோயிருந்தாள். சாய்ந்தபடியே அவள் கேட்டாள்.

"பசிச்சுதாடா?"

"பசிச்சுதும்மா."

"ரெண்டு மாசமும்?"

"ரெண்டு மாசமும்."

கிழவியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "வுழற வரைக்குமா வெறும் வவுத்தோட இருப்ப, முட்டாப்பயலே" என்றாள். "தின்னு. வெளிச்சம் இருக்கும்போதே தின்னு."

அவன் கரண்டியை எடுத்தான். மேல்தகடு உடைகிற மொறுக்கென்ற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாம் வாய்க்குக் கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே அள்ளினான். முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிகிற ஆள், சப்பணமிட்டு அழுந்த உட்கார்ந்து தின்றான்.

"வரலைன்னு எழுதிடறேன்" என்றான், வாயில் மாங்காயோடு. "ஆனா ஞாயித்துக்கெழம கோயில்ல போர்வையத் திருப்பிக் குடுத்துட்டு, எல்லார் எதுருலயும் சொல்லிடுவேன். உனக்குத்தான்மா தலகுனிவு."

"நீ ஒரே எடத்துல சொல்லிடுவடா" என்றாள் ஜீவரத்தினம். "நான் எத்தினி வூட்ல சொல்லி வெச்சிருக்கறேன், தெரியுமா? அத்தினி வூட்லயும் ஏறி எறங்கி நான்தான் இல்லைன்னு சொல்லணும். வளையல்காரன்கிட்டகூட."

சொல்லிவிட்டு அவள் முற்றத்தை எட்டிப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. நகர்ந்து வந்து சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகளிடம் உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒரு வாய் வையிடி" என்றாள். "எம்புள்ளையக் கவுத்தது இன்னான்னு நானும் பாக்கறேன்."